லிவர் மறுபடி வளர வைட்டமின் சி உதவுமா? பதில் தேடிய ஒரு நோபல் விஞ்ஞானியின் கதை

வீட்டில் யாருக்காவது லிவர் ஆபரேஷன் நடந்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். லிவரில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் எல்லோருக்கும் பகீரென்கிறது. டாக்டரோ பதற்றமே இல்லாமல், அது வளர்ந்துவிடும் என்கிறார். அடுத்த நிமிஷம் உறவினர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: சீக்கிரம் வளர என்ன கொடுக்கலாம்? அன்று சாயங்காலமே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் வைட்டமின் சி மாத்திரை, குளுட்டாதயோன் பவுடர், லிவர் டீடாக்ஸ் ஜூஸ் என்று லிங்க் வரிசைகட்டி வந்துவிடும்.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செல்களை வளரச் சொல்லும் குரோத் ஃபேக்டர் ஒரு பக்கம், செல்கள் கருகாமல் பார்த்துக்கொள்ளும் ஆன்டிஆக்ஸிடன்ட் இன்னொரு பக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் லிவர் நன்றாக வளருமா? எலிகளிடம் நிறையப் பரிசோதித்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு பக்கத்திலும் கைவைத்த ஒரு மனிதர் இருந்தார். ஒன்றில் நோபல் பரிசு வாங்கினார். இன்னொன்றில் வாழ்நாளின் கடைசி இருபத்தைந்து வருஷத்தைச் செலவழித்தும் கரை சேரவில்லை. பெயர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி. வைட்டமின் சி-யை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்போம். அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும்தான் விஷயமே இருக்கிறது.

மக்குப் பையன்

1893 செப்டம்பர் 16, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரம். அம்மா வழியில் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள். தாய்மாமா மிஹாய் லென்ஹோசெக் பெரிய உடற்கூறியல் பேராசிரியர். அப்படிப்பட்ட வீட்டில் ஆல்பர்ட் புத்தகத்தையே தொடாத பையனாக வளர்ந்தார். பதின்பருவத்தின் கடைசியில்தான் படிப்பில் திடீரென்று ஆர்வம் வந்தது. ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று சொன்னபோது மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. அழகுசாதனத் தொழில் பார்க்கலாம், பல் டாக்டர் ஆகலாம் என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் மருத்துவம் படிக்கச் சம்மதித்தார். மாமாவுக்கு மூலநோய் இருந்தது. அதனால் மருமகன் ஆசனவாயின் திசுக்களை ஆராயட்டும் என்று முடிவானது. அறிவியலைத் தப்பான முனையிலிருந்து தொடங்கியவன் நான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

படிப்பு பாதியில் இருக்கும்போது முதல் உலகப்போர் வந்தது. ராணுவத்தில் மருத்துவப் பணி. தைரியத்துக்காக வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். ஆனால் இரண்டு வருஷம் போர்முனையைப் பார்த்த பிறகு, இந்தச் சண்டையில் சாவதற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றிவிட்டது. 1916-ல் தன் கையில் தானே சுட்டுக்கொண்டார். எதிரி சுட்டதாகச் சொல்லி ஊருக்குத் திரும்பினார். 1917-ல் டாக்டர் பட்டமும் கிடைத்தது, கல்யாணமும் ஆனது.

இதைக் கோழைத்தனம் என்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே மனிதர் முப்பது வருஷம் கழித்து என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வாழைப்பழம் ஏன் கறுக்கிறது?

போர் முடிந்ததும் ஹங்கேரி நொறுங்கிப்போனது. வேலை தேடி ப்ராக், பெர்லின், ஹாம்பர்க், லைடன் என்று ஊர் ஊராகப் போனார். கையில் மனைவி, சின்னக் குழந்தை. பல நாள் சரியான சாப்பாடு இல்லை. கடைசியில் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஒரு வேலை கிடைத்தது. அங்கேதான் அவருடைய உண்மையான கேள்வி பிறந்தது.

கேள்வி ரொம்பச் சாதாரணம். ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ வெட்டி வைத்தால் பழுப்பாகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மட்டும் ஏன் ஆகவில்லை? வெட்டுப்பட்ட இடத்தில் காற்றின் ஆக்சிஜன் பட்டுத் திசு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதாவது மெதுவாக எரிகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் இதே வகை வேதிவினைதான். அப்படியென்றால் எலுமிச்சையில் அந்த எரிதலைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அவர் செய்த சோதனையும் எளிமையானது. பெராக்சிடேஸ் என்ற நொதியையும் பென்சிடின் என்ற பொருளையும் பெராக்சைடோடு கலந்தால் உடனே நீல நிறம் வரும். அதில் எலுமிச்சை போன்ற தாவரச் சாறு சேர்த்தபோது நிறம் வருவது கண நேரம் தாமதமானது. யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்னத் தாமதம். சாற்றில் இருக்கும் ஏதோ ஒன்று முதலில் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடுகிறது. அது தீர்ந்த பிறகுதான் நிறம் மாறத் தொடங்குகிறது என்று அவர் புரிந்துகொண்டார். வெள்ளம் வரும்போது முதல் ஆளாகப் போய் நிற்கிற மணல்மூட்டை மாதிரி. இன்று ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதே பொருள் மிருகங்களின் அட்ரினல் சுரப்பியிலும் இருப்பதைக் கண்டார். அட்ரினல் கெட்டுப்போகும் அடிசன் நோயில் தோல் வெண்கல நிறமாகக் கறுக்கும். அதுவும் பழம் கறுப்பதும் ஒன்றோ என்ற யோசனைதான் அவரை அந்தச் சுரப்பிக்குக் கூட்டிப்போனது. அந்த யோசனை தப்பு. ஆனால் போன இடம் சரி. அறிவியலில் இப்படி நடப்பது உண்டு.

இந்த நேரத்தில் அவரை ஆதரித்த பேராசிரியர் இறந்துபோனார். அடுத்து வந்தவருக்கு இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லை. வேலை போனது. மனைவியையும் குழந்தையையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனி வாழ்க்கையே இல்லை என்கிற அளவுக்கு மனம் உடைந்திருந்தார். கடைசியாக ஒரு மாநாட்டைப் பார்த்துவிடுவோம் என்று 1926-ல் ஸ்டாக்ஹோம் போனார். அங்கே தலைமையுரை ஆற்றியவர் கேம்பிரிட்ஜின் ஃப்ரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். அந்தக் காலத்து உயிர்வேதியியலின் மிகப்பெரிய பெயர். அவர் தன் பேச்சில் இந்த வேலையில்லாத இளைஞரின் ஆராய்ச்சியை மூன்று முறை குறிப்பிட்டார். கூட்டம் முடிந்ததும் ஆல்பர்ட் போய் அறிமுகம் செய்துகொள்ள, கேம்பிரிட்ஜுக்கு வந்துவிடு என்றார் ஹாப்கின்ஸ்.

ஹாப்கின்ஸை இங்கே கொஞ்சம் நினைவில் வையுங்கள். குளுட்டாதயோன் என்ற பொருளுக்கு 1921-ல் பெயர் வைத்தவர் அவர்தான். நம் லிவர் செல்களுக்குள் அதிகமாக இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் அது. லிவர் ஆபரேஷன் பற்றிய எந்த ஆய்வை எடுத்தாலும் குளுட்டாதயோன் என்ற பெயர் வராமல் இருக்காது. ஒரே ஆய்வகத்தில் இரண்டு பெரிய ஆன்டிஆக்ஸிடன்ட்களின் கதை ஓடியிருக்கிறது.

கடவுளுக்குத்தான் வெளிச்சம்

கேம்பிரிட்ஜில் அந்த மர்மப் பொருளைப் படிகமாகப் பிரித்தார். ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். சர்க்கரை வகை போலத் தெரிந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. அதனால் ஆய்விதழுக்கு அனுப்பும்போது, தெரியாது என்று அர்த்தம் வரும்படி இக்னோஸ் என்று பெயர் வைத்தார். ஆசிரியருக்குக் கோபம். சரி, காட்னோஸ் என்று வைக்கலாமா என்று கேட்டார். கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று அர்த்தம்! அதுவும் நிராகரிக்கப்பட்டது. கடைசியில் ஹெக்சுரோனிக் ஆசிட் என்ற சாதுவான பெயரில் 1928-ல் கட்டுரை வெளியானது.

ஆனால் கையில் இருந்தது சிட்டிகை அளவு. அதிகம் வேண்டுமென்றால் அட்ரினல் சுரப்பிகள் மூட்டை மூட்டையாக வேண்டும். அதற்காக 1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், ராசெஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்குக்குப் போனார். பக்கத்தில் செயின்ட் பால் நகரில் பெரிய பெரிய இறைச்சிக்கூடங்கள். சுரப்பிகள் இலவசமாகவே கிடைத்தன. ஒரு வருஷம் மாடாக உழைத்து எடுத்தது சுமார் 25 கிராம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஏறக்குறைய அதே சமயத்தில், அதே ராசெஸ்டரில், மேயோ அமைப்பைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இரண்டு பேர் வெள்ளை எலிகளின் லிவரில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்து, மிச்சம் எப்படி வளர்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். 1931-ல் அவர்கள் வெளியிட்ட முறையைத்தான் லிவர் மறுவளர்ச்சி பற்றிய ஆய்வகங்கள் இன்றுவரை பின்பற்றுகின்றன. ஒரே ஊரில் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்டைக் கிராம் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்க, வேறு இருவர் லிவர் வளர்வதைக் கிராம் கணக்கில் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் வந்த குடைமிளகாய்

25 கிராமில் பாதியை இங்கிலாந்தில் நார்மன் ஹாவொர்த் என்ற வேதியியலாளருக்கு அனுப்பினார். மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க அது போதவில்லை. இதற்கிடையே சொந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. செகெட் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி.

1931-ல் ஜோசப் ஸ்விர்பெலி என்ற அமெரிக்க இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். பிட்ஸ்பர்கில் வைட்டமின் சி ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். ஸ்கர்வி என்ற நோய் தெரியும்தானே? ஈறில் ரத்தம் வடியும், பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும், கவனிக்காவிட்டால் சாவுதான். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் போன மாலுமிகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற நோய். அதைத் தடுக்கும் பொருள் எலுமிச்சையில் இருக்கிறது என்று தெரியும், எது என்று தெரியாது. ஆல்பர்ட் தன்னிடம் மிச்சமிருந்த படிகங்களைக் கொடுத்து, இதுதான் வைட்டமின் சி என்று நினைக்கிறேன், சோதித்துப் பார் என்றார். கினிப் பன்றிகளுக்கு வேகவைத்த தீனி மட்டும் கொடுத்தார்கள். படிகம் கிடைத்த கூட்டம் பிழைத்தது. கிடைக்காத கூட்டம் ஸ்கர்வியில் செத்தது.

1932 ஏப்ரலில் இதை வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஸ்விர்பெலியின் பழைய குரு சார்லஸ் க்ளென் கிங், தானும் கண்டுபிடித்துவிட்டதாக வெளியிட்டிருந்தார். யார் முதல் என்ற சண்டை வருஷக்கணக்கில் ஓடியது. அதற்குள் நாம் போக வேண்டாம்.

பெரிய தலைவலி வேறு. படிகம் தீர்ந்துவிட்டது. செகெட்டில் அட்ரினல் சுரப்பிகள் வேண்டிய அளவுக்குக் கிடைக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரைகள் கலந்திருப்பதால் பிரிப்பது பெரும்பாடு.

ஒருநாள் ராத்திரி மனைவி சாப்பாட்டில் சிவப்புக் குடைமிளகாய் வைத்தார். செகெட் அந்த மிளகாய்க்குப் பேர்போன ஊர், அங்கே அதற்குப் பெயர் பாப்ரிகா. ஆல்பர்ட்டுக்கு அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று நேராகச் சொன்னால் வீட்டில் பிரச்சினை. இதை மட்டும் இதுவரை சோதிக்கவில்லையே என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது. சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது: அதில் வைட்டமின் சி கொட்டிக் கிடந்தது, பிரிப்பதும் சுலபம். சில வாரங்களில் மூன்று பவுண்டு சுத்தமான படிகம் தயார். உலகம் முழுக்க யார் கேட்டாலும் அனுப்பினார். ஹாவொர்த் அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க, இருவரும் சேர்ந்து ஸ்கர்வியைத் தடுப்பது என்ற பொருளில் அஸ்கார்பிக் ஆசிட் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

1937-ல் மருத்துவ நோபல் பரிசு ஆல்பர்ட்டுக்கு. அதே வருஷம் வேதியியல் பரிசில் ஹாவொர்த்துக்கும் பங்கு. ஆல்பர்ட்டின் பரிசு வைட்டமின் சி-க்கு மட்டும் கிடைத்தது இல்லை. செல் எப்படி உணவை எரித்துச் சக்தி எடுக்கிறது என்ற ஆராய்ச்சிக்கும் சேர்த்துத்தான். அந்தப் பாதையை ஹான்ஸ் க்ரெப்ஸ் முழுசாக முடித்துவைத்தார். பிளஸ் டூ உயிரியலில் நம்மைப் படுத்தியெடுத்த க்ரெப்ஸ் சுழற்சி அதுதான்.

தனியாகவா, கூட்டாகவா?

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு சின்ன விஷயம் நம் தலைப்புக்கு ரொம்ப முக்கியம். நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகித் தோலுக்கடியில் ரத்தம் கசியும் நோயாளிக்குச் சுத்தம் செய்யாத சாறு கொடுத்தபோது குணம் தெரிந்தது. பிறகு சுத்தமான வைட்டமின் சி கொடுத்தால் பலனில்லை. அப்படியென்றால் சாற்றில் கூடவே வேறு ஒன்று இருக்கிறது! அதைத் தேடி, 1936-ல் வைட்டமின் பி என்று பெயர் வைத்தார். நமக்குத் தெரிந்த பி இல்லை, ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவது எழுத்து. அது உண்மையில் வைட்டமின் என்று நிரூபிக்க முடியவில்லை. பெயரும் வழக்கொழிந்தது. அந்தப் பொருள்களைத்தான் இன்று ஃபிளேவனாய்டு என்று ஜூஸ் டப்பாவில் போட்டு விற்கிறார்கள்.

ஒரு பொருள் தனியாகச் செய்யாததைக் கூட்டாகச் செய்யும் என்ற சந்தேகம், அதை நிரூபிப்பதில் வரும் சிக்கல், நிரூபிக்கும் முன்பே சந்தைக்கு வந்துவிடும் பொருள். மூன்றும் இன்றைய லிவர் சப்ளிமென்ட் கதையிலும் அப்படியே இருக்கின்றன.

ஹிட்லர் கத்திய பெயர்

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனி சினிமா. ரஷ்யா தாக்கியபோது நோபல் பதக்கத்தைப் பின்லாந்துக்கு உதவியாகக் கொடுத்தார். 1943-ல் அறிவியல் சொற்பொழிவு என்ற போர்வையில் இஸ்தான்புல் போய், ஹங்கேரியைப் போரிலிருந்து விலக்க நேச நாட்டு உளவாளிகளோடு ரகசியமாகப் பேசினார். ஜெர்மனிக்குத் தகவல் போய்விட்டது. ஹிட்லரே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியதாகச் சொல்வார்கள். வீட்டுக்காவல், தப்பியோட்டம், தலைமறைவு. ஸ்வீடன் அவருக்குக் குடியுரிமை கொடுத்துத் தன் தூதரகத்தில் ஒளித்துவைத்தது. நடுவே கிடைத்த நேரத்தில் தசை எப்படிச் சுருங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கே இன்னொரு நோபல் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

போர் முடிந்து சோவியத் பிடி இறுகியதும் 1947-ல் அமெரிக்கா போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரின் கடல் உயிரியல் ஆய்வகம். கடைசிவரை அங்கேதான்.

வளரச் சொல்வது யார், நிறுத்தச் சொல்வது யார்?

1963-ல் அவருடைய இரண்டாவது மனைவி மார்த்தா புற்றுநோயால் இறந்தார். 1969-ல் ஒரே மகள் நெல்லி, அதே புற்றுநோயால். பட்டினி நாள்களில் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே குழந்தை.

அறுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அவர் செல் வளர்ச்சி பக்கம் திரும்பியிருந்தார். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு பகுதி எலியின் கட்டியை வேகமாக வளர்த்தது, இன்னொரு பகுதி வளர்ச்சியைக் குறைத்தது. வளர்ப்பதற்கு ப்ரோமின், தடுப்பதற்கு ரெட்டின் என்று பெயர் வைத்தார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிலரேட்டரும் உண்டு பிரேக்கும் உண்டு, புற்றுநோய் என்பது பிரேக் பிடிக்காத வண்டி என்பது அவருடைய கோணம்.

ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டையும் ஒரே உறுப்பில் பார்க்க வேண்டுமென்றால் லிவரைத்தான் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால் எலியில் ஏழு முதல் பத்து நாளில் பழைய எடை வந்துவிடும். மனிதர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள். வெட்டிய துண்டு அதே வடிவத்தில் முளைக்காது, மிச்சமிருக்கும் பகுதிதான் பெரிதாகும். தேவையான அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். அந்த நிற்றல்தான் அதிசயம்.

1967-ல், வுட்ஸ் ஹோலுக்குப் பக்கத்து பாஸ்டனில், மூல்டென், நான்சி பூச்சர் என்ற இருவர் இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை இணைத்தார்கள். ஒன்றின் லிவரை வெட்டினால் மற்றதின் லிவர் செல்களும் பெருகத் தொடங்கின. கத்தியே படாத லிவர்! ஆக, வளரு என்ற கட்டளை ரத்தத்தில் போகிறது. 1984-ல் ஜப்பானில் தோஷிகாசு நகமுராவின் குழு அப்படியொரு கட்டளைப் புரதத்தைப் பிடித்தது. ஹெப்படோசைட் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக ஹெச்.ஜி.எஃப்.

இன்று நமக்குத் தெரிந்த கதை இது. லிவரைப் பெருமளவு வெட்டியதும், குடலிலிருந்து வரும் மொத்த ரத்தமும் மிச்சமிருக்கும் சின்னத் துண்டுக்குள் பாய்கிறது. அந்த அழுத்தமே முதல் மணியடிக்கிறது. திசுவில் தூங்கிக்கொண்டிருந்த ஹெச்.ஜி.எஃப். விழிக்கிறது, லிவரின் காவல் செல்கள் ஐ.எல்-6 போன்ற சமிக்ஞைகளை அனுப்புகின்றன. எலியில் ஒரே நாளுக்குள் செல்கள் டி.என்.ஏ.வை இரட்டிக்கத் தொடங்கிவிடுகின்றன. போதும் என்று நிறுத்துவதில் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. ப்ரோமின், ரெட்டின் என்று ஆல்பர்ட் சொன்ன பெயர்கள் நிலைக்கவில்லை. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் இருப்பது மட்டும் உண்மையாகவே ஆனது, வேறு பொருள்களாக.

ரெட்டினுக்கு என்ன ஆச்சு?

அவரால் அதைத் தனிப் பொருளாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. மெத்தில்கிளையாக்சால் என்ற எளிய பொருள்தான் ரெட்டினோ என்று தேடல் போனது. உடம்பில் அதை அழிக்கும் நொதி குளுட்டாதயோன் துணையில்லாமல் வேலை செய்யாது. பாருங்கள், ஹாப்கின்ஸின் குளுட்டாதயோன் திரும்ப வந்துவிட்டது! பிறகு லிவர் ஏன் பழுப்பு நிறமாக இருக்கிறது என்று கேட்டார். அதன் புரதத்தோடு மெத்தில்கிளையாக்சால் சேர்ந்து எலக்ட்ரான்கள் நகர்வதால் வரும் நிறம் அது என்றார், அதில் வைட்டமின் சி-க்கும் ஒரு பங்கு கொடுத்தார். வாழைப்பழத்தின் பழுப்பில் தொடங்கியவர் லிவரின் பழுப்பில் வந்து நின்றார். பெரும்பாலான விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. அரசு நிதி வரவில்லை. என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதித் தாருங்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும், தெரிந்தால் எதற்கு ஆராய்ச்சி என்று.

1971-ல் அவருடைய பணக்கஷ்டத்தைப் பத்திரிகையில் படித்த ஃபிராங்க்ளின் சாலிஸ்பரி என்ற வழக்கறிஞர் 25 டாலர் அனுப்பினார். நோபல் விஞ்ஞானி கைப்பட நன்றிக் கடிதம் எழுதினார். அந்தப் பழக்கம் வளர்ந்து, 1973-ல் இருவரும் சேர்ந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கான தேசிய அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது.

அப்போ வாட்ஸ்அப் லிங்க்?

மறந்துவிடவில்லை. லிவர் ஆபரேஷனில் ரத்தம் கொட்டாமல் இருக்கக் கொஞ்ச நேரம் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்துவார்கள். 1908-ல் பிரிங்கிள் என்ற கிளாஸ்கோ சர்ஜன் சொன்ன வழி. கிளிப்பை எடுத்ததும் ஆக்சிஜன் திபுதிபுவென்று உள்ளே வரும்போது, செல்களைக் கருக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் கிளம்பும். பழம் வெட்டிய இடத்தில் நடப்பதன் தீவிர வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆன்டிஆக்ஸிடன்ட் செல்லைக் காப்பாற்றும், பிழைத்த செல்லைக் குரோத் ஃபேக்டர் பெருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் யோசனையின் லாஜிக் இதுதான். விலங்குகளில் பல ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன.

மனிதர்களிடம் வரும்போது முட்டுக்கட்டைகள். ஹெச்.ஜி.எஃப். ரத்தத்தில் சில நிமிஷத்துக்கு மேல் தங்காது. லிவரில் கட்டி இருந்ததால் ஆபரேஷன் நடந்தவருக்கு அதைக் கொடுத்தால், ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லும் சேர்ந்து வளருமோ என்ற பயம். ஆல்பர்ட்டின் ப்ரோமின் பயமேதான். இழந்த குளுட்டாதயோனை உடம்பு திரும்பத் தயாரிக்க உதவும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து, பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் உயிர் காக்கும். லிவர் ஆபரேஷனில் அதன் பலன் பற்றிய ஆய்வு முடிவுகள் கலவையாகவே வந்திருக்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் எல்லாமே வில்லனும் இல்லை. கொஞ்சம் இருந்தால்தான் செல்லுக்கு வளரும் சமிக்ஞையே போகும்.

வைட்டமின் சி விஷயத்தில் இன்னொரு வில்லங்கம். எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் லிவரிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் கினிப் பன்றிக்கும் அந்தத் திறன் பரிணாமத்தில் தொலைந்துவிட்டது. செகெட்டில் எலியை வைத்துச் சோதித்திருந்தால் ஸ்கர்வியே வந்திருக்காது. ஆகவே எலி லிவரில் வந்த ஆன்டிஆக்ஸிடன்ட் முடிவை அப்படியே நம் லிவருக்குப் பொருத்த முடியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர்கள் உண்மையில் பார்ப்பது வேறு. ஆரோக்கியமான லிவர் என்றால் குறைந்தது நாலில் ஒரு பங்காவது மிச்சமிருக்கிறதா, கொழுப்போ சிரோசிஸோ இருந்தால் அதைவிட அதிகம் விடப்பட்டிருக்கிறதா, ரத்த ஓட்டம் சரியா, தொற்று இல்லையா, போதுமான புரதம் உள்ளே போகிறதா, மது அறவே நின்றதா. குளுட்டாதயோன் பவுடரோ மூலிகைக் கலவையோ வாங்குவதற்கு முன் அவர்களிடம் காட்டிவிடுங்கள். எந்த மாத்திரையாக இருந்தாலும் அதில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கப் போவது அந்தப் பாதி லிவர்தான்.

1986 அக்டோபர்

அந்த மாதம் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொன்டால்சினி இருவருக்கும். எதற்கு? குரோத் ஃபேக்டர்களைக் கண்டுபிடித்ததற்கு. கோஹன் கண்டுபிடித்த ஈ.ஜி.எஃப்., வெட்டுப்பட்ட லிவர் வளர்வதிலும் பங்கெடுக்கும் புரதம்.

வுட்ஸ் ஹோலில் 93 வயது ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். அக்டோபர் 22 அன்று காலமானார். செகெட்டில் அவர் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஊர்ச் சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் வியாபாரம் வழக்கம்போல நடக்கிறது.